நூற்று முப்பத்தொன்பது மைலும் முக்கால் இஞ்சும்

கோயமுத்தூர் பீளமேடு விமான நிலையத்துக்கும் பெங்களூர் விமான நிலையத்துக்கும் வான்வழியில் நூற்று முப்பத்தொன்பது மைல். இதை எனக்குச் சொன்னவர் பீளமேட்டில் டிக்கெட் சரிபார்த்த குமாஸ்தா. பிறகு பள்ளிக்கூட அட்லஸில் ஸ்கேல் வைத்து அளந்து பார்த்தேன். இரண்டு மைல் முன்னே பின்னே வந்தது. அவர் சொன்னதையே வைத்துக்கொண்டேன்.

திருப்பூர் மங்கலம் ரோட்டில் இருந்த எங்கள் சிறிய பனியன் கம்பெனியிலிருந்து முதன்முதலில் அந்தத் தூரத்தைப் பறந்து கடந்தவர் ஜெய்புன்னிசா. நாள் 1964 அக்டோபர் 15, வியாழக்கிழமை. அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்து. அதற்கு முன் அவர் செய்த நீண்ட பயணம், பிறந்த ஊரான பள்ளப்பட்டிக்கு பஸ்ஸில் போய் வந்தது.

கம்பெனி அவர் பெயரில்தான் இருந்தது. 1949இல் கல்யாணத்தின்போது, நகைக்குப் பதிலாக இரண்டு நிட்டிங் மெஷின்களை அவர் அப்பா மகள் பெயரில் எழுதிக் கொடுத்தார். பத்து வருஷத்தில் அவை நான்கு ஆயின. நூல் வாங்குவது, வியாபாரிகளோடு பேசுவது எல்லாம் அவருடைய கணவர் ராஜா முகமது. ஜெய்புன்னிசா செக்கிங் மேசையில் இருந்தார். தைத்து வரும் பனியனை மேசையில் போட்டு, உள்ளங்கையால் ஒரு தடவு தடவி, டேப்பை இழுக்காமல் படுக்க விட்டு அளப்பார். நீளம், மார்பு, கைக்குழி. நான் அங்கே 1956 முதல் ரைட்டர். சரக்கு வருவதையும் போவதையும் பதிவேட்டில் எழுதுவது என் வேலை. கட்டிங்குக்கு அளவுச் சீட்டு எழுதிக் கொடுப்பதும் நான்தான். எட்டு வருஷத்தில் அவர் அளக்காமல் ஒரு பெட்டிகூட வெளியே போனதில்லை.

1964 எங்களுக்கு நல்ல வருஷம் இல்லை. வடக்கே இருந்து வரும் ஆர்டர் ஆவணியோடு நின்றது. நான்கு மெஷினில் இரண்டு மூடிக் கிடந்தன. புரட்டாசி முதல் வாரத்தில் ராஜா முகமது நொய்யல் பாலத்தின் இறக்கத்தில் சைக்கிளோடு விழுந்து வலது காலை ஒடித்துக்கொண்டார். இடுப்புக்குக் கீழே மாவுக்கட்டு. படுத்த இடத்திலிருந்தே அவர் ஒரு முடிவு எடுத்தார். நெருப்பெரிச்சல் கிராமத்தில் தோட்டம் வைத்திருந்த கிட்டுசாமி அப்போதுதான் தோட்டத்துக்குள் ஒரு ஷெட் போட்டு நிட்டிங் தொடங்கியிருந்தார். நான்கு மெஷினையும் அவருக்குக் கொடுத்துவிட்டு, பள்ளப்பட்டியில் தன் அண்ணன் கடைக்குப் போய்விடலாம் என்பது முடிவு. கார்த்திகை முதல் தேதி, அதாவது நவம்பர் 16, மெஷினை எடுத்துக்கொள்வதாகப் பேச்சு.

பேச்சு நடந்தபோது ஜெய்புன்னிசா கதவோரம் நின்றிருந்தார்.

"மெஷினு என்ற பேர்ல இருக்குதுங்க" என்றார்.

"பேரு யாரு பேர்ல இருந்தா என்ன? ஓட்டறதுக்கு வேலை வேணுமில்ல?" என்றார் ராஜா முகமது.

"அதுக்குள்ள வேலை வந்துட்டா?"

ராஜா முகமது கிட்டுசாமியைப் பார்த்தார். கிட்டுசாமி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சிரித்தார். "வந்துட்டா உங்கூட்லயே ஓடட்டும் பாயம்மா. வராட்டி என்ற ஷெட்டுல ஓடும். மெஷினு எங்கியாச்சும் ஓடோணும்ங்க, அவ்வளவுதான்."

அந்தப் பேச்சை ஜெய்புன்னிசா பிடித்துக்கொண்டார். அடுத்த நாள் என்னைக் கூப்பிட்டு, "ரைட்டரே, இங்கிலீஷ் பேப்பர்ல டெண்டருன்னு போடுவாங்களாமே, தினம் பாருங்க" என்றார். பன்னிரண்டு நாள் பார்த்தேன். பெங்களூரில் ஒரு பெரிய தொழிற்சாலை தன் தொழிலாளர்களுக்குப் பனியன் வாங்க டெண்டர் விட்டிருந்தது. கைவைத்த பனியன், மார்பு முப்பத்துநான்கு, நீளம் இருபத்தேழு இஞ்ச். கால் இஞ்ச் கூடலாம், கால் இஞ்ச் குறையலாம். ஆறு மாதிரிகளுடன் கம்பெனி உரிமையாளரே நேரில் வந்து, அதிகாரி முன்னால் அளந்து காட்டி, பெட்டியின் அரக்கு முத்திரை மேல் கையெழுத்துப் போட வேண்டும். அக்டோபர் 15, பிற்பகல் மூன்று மணிக்குள்.

மாதிரிக்கு நல்ல நூலில் துணி ஓட்டி, சலவைக்கு அனுப்பினோம். அப்போது மழை பிடித்தது. சலவைத் துணியை வெயிலில்தான் காயப்போடுவார்கள். பத்தாம் தேதியிலிருந்து பதின்மூன்று வரை வெயில் இல்லை. பதினான்காம் தேதி பிற்பகலில்தான் அடித்தது. துணி எங்கள் கைக்கு வந்தபோது மணி மாலை ஆறே கால். பெங்களூர் ரயில் திருப்பூரைத் தாண்டும் நேரத்துக்குள் கேலண்டர் போட்டு, வெட்டி, தைத்து முடிக்க வழியே இல்லை. அந்த ரயில் போனால் மூன்று மணிக்குள் பெங்களூர் சேர்க்கும் ரயில் வேறு இல்லை.

"அவ்வளவுதான் புள்ளே, அல்லா விட்ட வழி" என்றார் ராஜா முகமது.

"பிளேன் இருக்குதுங்க" என்றார் ஜெய்புன்னிசா.

அவர் அதை முன்கூட்டியே விசாரித்து வைத்திருந்தார். மழை நிற்காத மூன்றாம் நாளே என்னைத் தபாலாபீசுக்கு அனுப்பி, கோயமுத்தூர் ஏஜென்சிக்கு டிரங்க் கால் போடச் சொல்லியிருந்தார். வியாழக்கிழமை காலை பத்து பத்துக்கு டக்கோட்டா விமானம். ஒரே ஒரு இடம்தான் இருந்தது. அதைப் பிடித்து வைத்துவிட்டோம்.

ராஜா முகமது கட்டிலில் எழுந்து உட்காரப் பார்த்து, முடியாமல் சாய்ந்தார். "காலு ஒடஞ்சு கெடக்கறது நான். உனக்கா ரெக்கை மொளச்சுது?"

"ரெக்கை இல்லீங்க. டிக்கெட்டு."

"தனியாவா போவே? ஊர்ல என்ன பேசுவாங்க?"

"நாலு மெஷினையும் வண்டியில ஏத்துனா அதுக்கும் பேசுவாங்க. எதுக்குப் பேசோணும்னு நாமளே முடிவு பண்ணிக்கலாமுங்க."

ராஜா முகமது போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு, "பெங்களூர் குளுரும். சால்வையை எடுத்துக்கோ" என்றார். அதுதான் சம்மதம்.

கேலண்டர் போடுவது என்றால், சலவையாகி வந்த துணியைச் சூடான உருளைகளுக்கு நடுவே இழுத்து மடிப்பில்லாமல் தேய்ப்பது. இரவில் உருளை ஓடாது என்பதால், வியாழன் காலை ஐந்து மணிக்குத்தான் துணி உருளையில் ஏறியது. ஐந்தே முக்காலுக்குக் கட்டிங் மாஸ்டர் அங்கமுத்துவின் மேசைக்கு வந்தது. ஏழு பத்துக்கு ஆறு பனியனும் தைத்து முடிந்தன. மடித்து, அட்டைப் பெட்டியில் வைத்து, மேலே பலகை வைத்துக் கட்டியாகிவிட்டது. ஜெய்புன்னிசா அதற்குள் குளித்துப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். அவர் அளக்காமல் வெளியே போன முதல் பெட்டி அதுதான். ஏழு ஐம்பதுக்கு வாடகைக் கார் கிளம்பியது. அவிநாசி வழியாக இருபத்தெட்டு மைல். ஒன்பது ஐந்துக்குப் பீளமேடு.

நான் அங்கே வரை கூடப் போனேன். டிக்கெட் குமாஸ்தா பெட்டியை எடை போட்டார். பிறகு அவரையும் எடை மேடையில் ஏறச் சொன்னார்.

"ஆளையுமா நிறுப்பீங்க?" என்றார் ஜெய்புன்னிசா.

"சின்ன விமானம்மா. எல்லாரையும் நிறுத்துத்தான் ஏத்துவோம்."

"நல்லதுங்க. எங்க ஊட்டுக்காரரு எடை தெரியாமயே கட்டிக்கிட்டாரு" என்று சொல்லிவிட்டு ஏறி நின்றார். குமாஸ்தா சிரிப்பை அடக்கிக்கொண்டு முள்ளைப் பார்த்தார்.

தூரத்தையும் நேரத்தையும் நான் அவரிடம் அப்போது கேட்டதுதான். "நூத்தி முப்பத்தொம்பது மைல். ஒரு மணி நேரம். எதிர்க்காத்து இருந்தா அஞ்சு நிமிஷம் கூடும்" என்றார். ரயிலில் எங்களுக்கு அதே பெங்களூர் பதினோரு மணி நேரம். ரயில் பாதை ஈரோடு, சேலம், ஜோலார்பேட்டை என்று சுற்றிக்கொண்டு போகிறது, மைல் கணக்கிலும் தூரம் அதிகம். ஜெய்புன்னிசாவிடம் ஒரு பென்சிலும், லேபிள் அட்டை ஒன்றும் கொடுத்து, "அக்கா, எத்தனை மணிக்கு ஏறுச்சு, எத்தனை மணிக்கு எறங்குச்சுன்னு இதுல எழுதிக்கிட்டு வாங்க" என்றேன்.

"நான் டெண்டருக்குப் போறேன், இவரு மணி பாக்கச் சொல்றாரு" என்றார். ஆனாலும் எழுதிக்கொண்டு வந்தார். அந்த அட்டை என்னிடம் இருக்கிறது. இனி வருவது அந்த அட்டையிலிருந்தும் அவர் வாயிலிருந்தும் நான் எழுதிக்கொண்டது.

பத்து பதினான்குக்கு விமானம் தரையை விட்டது. உள்ளே ஒரு பெண் வந்து ஆளுக்கு ஒரு பெப்பர்மின்ட்டும், காதில் வைத்துக்கொள்ளப் பஞ்சும் கொடுத்தார். ஜெய்புன்னிசா பஞ்சை விரலில் பிய்த்து நீட்டிப் பார்த்துவிட்டு, நூலுக்கு ஆகாத கட்டை இழை என்று தனக்குள் சொல்லிக்கொண்டு காதில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் விமானி எழுதி அனுப்பிய ஒரு சீட்டு வரிசை வரிசையாகக் கைமாறி வந்தது. பக்கத்தில் இருந்த பெரியவர் அதைப் படித்துச் சொன்னார். உயரம் ஏழாயிரம் அடி, வேகம் மணிக்கு நூற்று ஐம்பது மைல், கீழே தெரிவது காவிரி. ஜெய்புன்னிசா மூன்றையும் எழுதிக்கொண்டு எட்டிப் பார்த்தார். மேகம்தான் தெரிந்தது. அட்டையில் "காவிரி (பார்க்கவில்லை)" என்று இருக்கிறது. பெட்டி அவர் மடியில் இருந்தது. பதினொன்று பன்னிரண்டுக்கு சக்கரம் பெங்களூர்த் தரையைத் தொட்டது. ஐம்பத்தெட்டு நிமிஷம்.

அங்கிருந்து விமானக் கம்பெனி பஸ்ஸும், பிறகு ஒரு ஜட்கா வண்டியும். பன்னிரண்டு ஐந்துக்குத் தொழிற்சாலை ஸ்டோர்ஸ் ஆபீஸ் வாசலில் இறங்கினார். வீட்டு வாசலிலிருந்து ஆபீஸ் வாசலுக்கு நான்கே கால் மணி நேரம். அதில் வானத்தில் இருந்தது கால் பங்குகூட இல்லை.

மூன்று மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. வராந்தாவில் ஒரு நீள பெஞ்சு. அதில் கல்கத்தா கம்பெனியின் ஏஜெண்டு ஒருவர் கோட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மெட்ராஸ்காரர். அவர் கம்பெனி முதலாளி உள்ளே அதிகாரியோடு பேசிக்கொண்டிருந்தார். ஏஜெண்டு ஜெய்புன்னிசாவின் பெட்டியைப் பார்த்துவிட்டு, "ஊட்டுக்காரருக்குச் சோறு கொண்டாந்தீங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. பனியன் கொண்டாந்தேன். உங்களுக்கு அளவு சரியா இருந்தா சொல்லுங்க, டஜன் கணக்குல தாரேன்" என்று சொல்லிவிட்டு, பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்து பெட்டியைப் பிரித்தார். தன் டேப் படாத சரக்கைக் கைவிட அவருக்கு மனம் வரவில்லை. முதல் பனியனைப் பெஞ்சில் விரித்து, தடவி, டேப்பைப் படுக்க வைத்தார்.

இருபத்தேழே முக்கால்.

டேப் நழுவியிருக்கும் என்று மறுபடி வைத்தார். அதே அளவு. இரண்டாவது பனியன் இருபத்தேழே முக்கால். ஆறும் அப்படியே. அகலத்தில் மட்டும் கால் இஞ்ச் குறைவு. நீளத்தில் கால் இஞ்சுக்கு மேல் கூடினால் மேசையிலேயே தள்ளிவிடுவார்கள்.

அங்கமுத்து தப்பாக வெட்டுகிற ஆள் இல்லை. ஜெய்புன்னிசா துணியை வெளிச்சத்தில் பிடித்து, பின்னலின் கண்களைப் பார்த்தார். ஒவ்வொரு கண்ணும் நீளவாக்கில் இழுபட்டு ஒடுங்கி நின்றது. பார்த்ததும் புரிந்துவிட்டது என்றார்.

தவறு என்னுடையது. கேலண்டர் உருளை துணியை நீளவாக்கில் இழுக்கும். உருளையை விட்டு இறங்கிய துணி ஒரு நாள் சும்மா கிடந்தால், நீளம் சுருங்கி, அகலம் விரிந்து, தன் இயல்புக்கு வரும். அந்த ஒரு நாள் காத்திருக்க எங்கள் தொழிலில் யாருக்கும் பொறுமை கிடையாது. உள்ளூரில் கொடுக்கும் சரக்குக்கு மட்டும் துணியைக் கிடக்க விட்டு வெட்டுவோம். வெளியூர்ச் சரக்கைச் சூட்டோடு வெட்டிவிடுவோம். நீளத்தில் முக்கால் இஞ்ச் கூட்டி, அகலத்தில் கால் இஞ்ச் குறைத்து வெட்டினால், ரயிலில் குலுங்கிக் குலுங்கிப் போய்ச் சேர்வதற்குள் பனியன் சரியான அளவுக்கு வந்திருக்கும். இதற்கு ரயில் அளவு என்று பெயர். எங்கள் சீட்டில் இரண்டே கட்டம்: உள்ளூர் அளவு, ரயில் அளவு. பெங்களூர் வெளியூர். என் கை பழக்கத்தில் ரயில் அளவை எழுதிவிட்டது. அங்கமுத்துவும் பழக்கத்தில் வெட்டிவிட்டார். பதினோரு மணி நேரத்தில் ரயில் செய்யும் வேலையை விமானம் ஐம்பத்தெட்டு நிமிஷத்தில் செய்யாது என்று அந்த அவசரத்தில் எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மணி பன்னிரண்டு இருபத்தைந்து.

வராந்தாவின் கோடியில் ஒரு டீக்கடை. அதை நடத்தியவர் வீரன் என்று கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆள். ஜெய்புன்னிசா பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே போனார்.

"ஒரு டீயாம்மா?"

"டீ வேண்டாங்கண்ணா. ஆவி வேணும்."

வீரன் கரண்டியைக் கீழே வைத்தார். "என்ன வேணும்?"

"உங்க பாய்லர்ல மேல ஆவி போகுதில்லீங்க, அது. ரெண்டு மணி நேரத்துக்கு."

"ஆவியை நான் விக்கறதில்லம்மா. இத்தனை நாளு சும்மாத்தான் போயிட்டிருந்துச்சு" என்று வீரன் பாய்லர் மூடியைத் திறந்துவிட்டார்.

ஜெய்புன்னிசா சால்வையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, முதல் பனியனை இரண்டு உள்ளங்கையிலும் தாங்கி ஆவிக்கு மேல் பிடித்தார். இழுக்கக் கூடாது, தொங்கவும் விடக் கூடாது. நீளவாக்கில் விரலால் கூட்டிக் கூட்டிக் கொடுக்க வேண்டும். நூறு எண்ணினார். எடுத்து வீரனின் மேசையில் துண்டு விரித்து அதன் மேல் படுக்க வைத்தார். ஆறியதும் அளந்தார். இருபத்தேழே கால். எல்லையில் நிற்கிறது. மறுபடி அறுபது எண்ணினார். ஆறியதும் இருபத்தேழுக்கு ஒரு நூலளவு கூட. அதோடு விட்டார்.

இரண்டாவது பனியனில் ஒரே தடவையாக நூற்று அறுபது எண்ணலாம் என்று பார்த்தார். ஈரம் கூடிவிட்டது. ஈரமான பனியனைக் கொண்டுபோய் வைத்தால் அதற்கும் ஒரு கேள்வி வரும். ஆபீஸ் உள்ளே ஓடும் மின்விசிறிக்குக் கீழே ஒரு நாற்காலி வேண்டும் என்று பியூனிடம் கேட்டார். பியூன் யோசித்தான். வீரன் கடையிலிருந்தே சத்தம் போட்டார்: "நாக்காலி போடுறா! அந்தம்மா பிளேன்ல வந்திருக்கு, நீ சைக்கிள்ல வந்துட்டு யோசிக்கறே!"

ஜெய்புன்னிசாவின் கை இரண்டும் சிவந்து, பெருவிரலில் கொப்புளம் கண்டது. ஐந்தாவது பனியன் முடிந்தபோது மணி இரண்டு இருபது. அதற்குள் டீக்கடைக்கு முன்னால் சின்னக் கூட்டம் கூடிவிட்டது. கல்கத்தா ஏஜெண்டும் வந்து நின்று பார்த்தார்.

"அம்மா, பனியனை வேக வைக்கறீங்களே, உப்புப் போட்டாச்சா?"

"போடலீங்க. உங்க வாய்க்கு எவ்வளவு வேணும்னு தெரியலை" என்றார் ஜெய்புன்னிசா, தலையைத் தூக்காமல். வீரன் சிரித்த சிரிப்பில் டீ சிந்தியது.

இரண்டு ஐம்பத்திரண்டுக்கு ஆறு பனியனையும் மடித்துப் பெட்டியில் வைத்து உள்ளே கொடுத்தார்.

மூன்று பத்துக்கு அளவை. மேசைக்குப் பின்னால் ஸ்டோர்ஸ் அதிகாரி. இரும்பு ஸ்கேல் வைத்து அவரே அளந்தார். இருபத்தேழு. இருபத்தேழும் ஒரு நூலும். இருபத்தேழு. மூன்றாவது முடிந்ததும் ஏஜெண்டு எழுந்து இங்கிலீஷில் ஏதோ சொன்னார். அதிகாரி ஸ்கேலைக் கீழே வைத்துவிட்டு, தமிழில் கேட்டார்: "இதையெல்லாம் வெளியில வெச்சு சுருக்கினீங்கன்னு சொல்றாரே, உண்மையா?"

"உண்மைங்க" என்றார் ஜெய்புன்னிசா.

"எதுக்கு?"

"உருளையில இழுபட்ட துணிங்க. காலையில அஞ்சு மணிக்கு மேலதான் இறங்குச்சு. ரயில்ல வந்திருந்தா தானா அமைஞ்சிருக்கும். பிளேன்ல வந்துட்டதால அதுக்கு நேரம் பத்தலைங்க. நான் சுருக்கலீங்க, இழுத்ததை விட்டேன்."

ஏஜெண்டு மறுபடி வாய் திறப்பதற்குள் ஜெய்புன்னிசா சொன்னார்: "இன்னைக்கு அளந்ததை நம்ப வேண்டாங்க. பெட்டி உங்ககிட்டத்தான் இருக்கப் போகுது. பத்து நாள் கழிச்சு அளங்க. ஒண்ணைத் துவைச்சும் அளங்க. அவங்க பெட்டியையும் அதே நாள்ல, அதே தண்ணியில துவைச்சு அளங்க. எது நிக்குதோ அதை எடுத்துக்குங்க."

கல்கத்தா முதலாளி தன் ஏஜெண்டைப் பார்த்த பார்வை நன்றாக இல்லை என்று ஜெய்புன்னிசா பிற்பாடு சொன்னார். அதிகாரி மீதி மூன்றையும் அளந்தார். கடைசிப் பனியன் சரியாக இருபத்தேழே கால். எல்லைக்கோட்டில் நின்றது. "இது இருக்கலாம்" என்றார். எல்லாப் பெட்டிகளையும் அக்டோபர் 26ஆம் தேதி துவைத்து அளப்பது என்று அங்கேயே எழுதினார். அரக்கு உருக்கினார்கள். கொப்புளம் வந்த விரலோடு ஜெய்புன்னிசா கையெழுத்துப் போட்டார். மூன்று நாற்பது.

திரும்பும்போது விமானத்தில் இடம் இல்லை. இரவு ரயிலில் வந்தார். அட்டையில் அதையும் எழுதியிருக்கிறார்: "ரயில், பத்து மணி ஐம்பது நிமிஷம். தூங்கினேன்."

காலையில் நான் வாசலில் நின்றேன். நடந்ததைச் சொல்லி முடித்து, "ரைட்டரே, மூணாவது ஒரு கட்டம் போடுங்க" என்றார். அன்றே அளவுச் சீட்டில் விமான அளவு என்று மூன்றாவது கட்டம் போட்டேன். அதில் நீளத்துக்கு எதிரே என்ன எழுதுவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அதனால் அங்கமுத்து ஒரு துண்டுத் துணியை உருளையிலிருந்து எடுத்து, ஐந்து நாள் வைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அளந்து சொன்னார். நான் எழுதினேன். நான்கே கால் மணி நேரத்தில் எவ்வளவு சுருங்கும் என்பது அதில் கிடைத்தது.

ராஜா முகமது கட்டிலில் இருந்தபடி மனைவியின் கையைப் பிடித்துக் கொப்புளத்தைப் பார்த்தார். "பிளேன்ல போனா கையெல்லாமா வேகும்?" என்றார்.

"பிளேன்ல வேகலீங்க. டீக்கடையில."

"சரி. கடிதாசி வராட்டி என்ன பண்ணுவே?"

"வரும்."

"வராட்டி?"

"கார்த்திகை ஒண்ணாந் தேதி வரைக்கும் வரும்ங்க" என்றார்.

இருபத்தாறாம் தேதி போயிற்று. தீபாவளி போயிற்று. தபால்காரர் தினமும் பதினொன்றரைக்கு வருவார். ஜெய்புன்னிசா அந்த நேரத்தில் செக்கிங் மேசையை விட்டு எழுந்ததே இல்லை. ஆனால் சைக்கிள் மணி கேட்டதும் அவர் கையில் டேப் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த நாட்களில் மூடிக் கிடந்த இரண்டு மெஷினையும் அவர் துடைத்து எண்ணெய் போடச் சொன்னார். "எடுத்துட்டுப் போறவருக்குச் சுத்தமாக் கொடுக்கறதுக்கா?" என்று ராஜா முகமது கேட்டார்.

நவம்பர் 12, வியாழக்கிழமை கடிதம் வந்தது. நான்தான் படித்தேன். துவைத்து அளந்ததில் திருப்பூர்ப் பெட்டி கால் இஞ்சுக்குள் நின்றது என்றும், டெண்டரில் மூன்றில் ஒரு பங்கு எங்களுக்கு என்றும் இருந்தது. மீதி இரண்டு பங்கு யாருக்கு என்று எழுதவில்லை. மூன்றில் ஒரு பங்கே நான்கு மெஷினுக்கும் மாசி வரை வேலை. ஜெய்புன்னிசா கடிதத்தை வாங்கி, தலைகீழாகப் பிடித்திருக்கிறோம் என்றுகூடப் பார்க்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு, "நூலு எத்தனை மூட்டை இருக்குது?" என்று கேட்டார்.

கிட்டுசாமிக்குச் சொல்லி அனுப்ப வேண்டும் என்று ராஜா முகமது என்னிடம் சொன்னார். மறுநாள் ஆள் அனுப்பினேன். கிட்டுசாமி சொந்தக்காரர் கல்யாணத்துக்கு மூலனூர் போயிருந்தார். ஆள் அவரைப் பார்க்காமலே திரும்பி வந்தான். அதனால் கார்த்திகை முதல் தேதி, திங்கட்கிழமை காலை எட்டரைக்கு, பேசியபடி அவர் இரண்டு மாட்டு வண்டியோடு வந்து நின்றார். வண்டியில் கயிறும், வைக்கோலும், சாக்கும் இருந்தன.

ராஜா முகமது கோலை ஊன்றிக்கொண்டு வாசலுக்கு வந்தார். வெட்கத்தோடு உள்பக்கம் கை காட்டினார். உள்ளே நான்கு மெஷினும் ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் பேசினாலும் கேட்காது. கிட்டுசாமி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, ஒவ்வொரு மெஷினின் முன்னாலும் ஒரு நிமிஷம் நின்று பார்த்தார். பிறகு செக்கிங் மேசைக்கு வந்தார். ஜெய்புன்னிசா எழுந்து நின்றார்.

"வேலை வந்துருச்சாட்ட இருக்குதுங்க?" என்று சத்தமாகக் கேட்டார்.

"வந்துருச்சுங்க. ஆள் அனுப்பினோம், நீங்க ஊர்ல இல்லீங்களாம்."

"அதுக்கென்னங்க. ரெண்டு வண்டி பூட்டிக்கிட்டு வந்தேன், அதான். மாடுக வெறும் வண்டியை இழுத்துட்டுப் போனா என்னைத் திட்டும்."

"வெறும் வண்டி எதுக்குங்க? சலவைக்குப் போற துணி இருக்குது. போற வழியில எறக்கிட்டுப் போங்க. வாடகை ரைட்டரு தருவாரு."

கிட்டுசாமி இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தார். "மெஷினை எடுக்க வந்தவனை மூட்டை தூக்க வெச்சுட்டீங்க பாயம்மா" என்று சொல்லிவிட்டு, வாசலைப் பார்த்துச் சத்தம் போட்டார்: "டேய், அந்த வைக்கோலைக் கீழ தள்ளுங்கடா!"

பதிவேட்டில் அன்றைய வரி இது: 16.11.1964, காலை 9.40, சலவைக்குத் துணி இருபத்திரண்டு ரோல், இரண்டு வண்டி, நெருப்பெரிச்சல் கிட்டுசாமி.